அறுபதுக்குப் பிறகு குடும்பத்தோடு மலையில் நடக்க: கோத்தகிரியா, கொடைக்கானலா, ஏற்காடா, துங்கநாத்தா?

குடும்பத்தோடு ஒரு வாரம் மலையில் நடந்துவிட்டு வரலாம் என்று பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் நான்கு பெயர்கள் வந்து நிற்கும். மகளுக்குக் கொடைக்கானல். மருமகனுக்கு ஏற்காடு, அவருக்குச் சொந்த ஊர் சேலம். மகனுக்கு இமயமலையில் துங்கநாத். எனக்குக் கோத்தகிரியும் குன்னூரும். என் வீட்டுக்காரருக்கு 71 வயது. வலது முட்டி தேய்ந்திருக்கிறது, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். எனக்கு 66, சர்க்கரை உண்டு. பேரன் பெரியவன், 12 வயது. பேத்திக்கு 7. இப்படி ஏழு பேர் சேர்ந்து நடக்க எந்த மலை சரிவரும் என்று நான்கையும் எடைபோட்டுப் பார்த்தேன். இதே நிலையில் இருக்கிற குடும்பங்கள் நிறைய என்பதால் எழுதுகிறேன்.

நான் எதை வைத்து எடைபோட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போகும் குடும்பங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். வியூ பாயின்ட் வந்ததும் இளையவர்கள் இறங்கிவிடுவார்கள். "அம்மா, நீங்களும் அப்பாவும் கார்லயே உக்காருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்பார்கள். பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். நாள் முழுக்க இப்படியே நாலைந்து இடம் போனால், பெரியவர்கள் பார்த்தது கார் கண்ணாடியும் பார்க்கிங் இடமும்தான். எனக்கு வேண்டியது அதுவல்ல. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஏழு பேரும் ஒன்றாக நடக்க வேண்டும். அதனால் ஓர் ஊரில் எத்தனை இடம் பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து நடக்க முடியும் என்றுதான் கேட்டேன்.

முதலில் இறக்கத்தைப் பாருங்கள்

பெரியவர்களால் நடக்க முடியாது என்பதே தப்பான கணக்கு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் போய்ப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் செருப்புகூட இல்லாமல் சுற்றி வருகிறார்கள்! பழனியில் ஏறக்குறைய 700 படி. அதையும் முருகா முருகா என்று ஏறிவிடுகிறோம். தூரமும் ஏற்றமும் நமக்குப் புதிதில்லை. மூச்சு வாங்கினால் நிற்கலாம், உட்காரலாம், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறலாம். ஏற்றம் நம்மைக் கேட்டுக்கேட்டுத்தான் வேலை வாங்கும்.

இறக்கம் அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில் இறங்கும். தொடையின் முன்பக்கத் தசை அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்தியபடியே நீள வேண்டியிருக்கும். வயதாக ஆக முதலில் வலுவிழக்கிற தசைகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் பழனியில் ஏறும்போது வலிக்காத கால், இறங்கி வந்து அடிவாரத்தில் டீ குடிக்கும்போது நடுங்குகிறது. தேய்ந்த முட்டி உள்ளவர்களோடு மலைக்குப் போகிறவர்கள் உயரத்தை விசாரிப்பதற்கு முன் இறக்கத்தை விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சில பாதைகள் முதலில் ஏறி, பிறகு இறங்கும். சில பாதைகள் முதலில் இறங்கிவிட்டு, திரும்பும்போது ஏறச் சொல்லும். இரண்டாவது வகைதான் ஆபத்து. இறங்கும்போது காலையில் தெம்பாக இருப்போம், "இன்னும் கொஞ்சம்" என்று போய்விடுவோம். முட்டி மக்கர் பண்ணுகிற நேரத்தில் பள்ளத்தின் அடியில் இருப்போம், வெயிலும் ஏறியிருக்கும். ஆகவே என் கணக்கில் நல்ல பாதை என்பது எந்த இடத்தில் வேண்டுமானாலும் "போதும், திரும்பலாம்" என்று சொல்லக்கூடிய பாதை. யாராவது ஒருவர் திரும்பினாலும் மற்றவர்களின் நடை கெடக் கூடாது.

கொடைக்கானல்

பெரியவர்களுக்கென்றே போட்டதுபோல் இரண்டு நடைகள் கொடைக்கானலில் இருக்கின்றன. ஒன்று ஏரியைச் சுற்றி வரும் சாலை. 1863இல் வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். நடுவில் உட்கார இடமும் டீக்கடையும் உண்டு. களைத்துப்போனால் ஒரு வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். காலை ஆறரைக்கு ஏரிமேல் பனிமூட்டம் கலைவதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குமேல் வாடகை சைக்கிளும் குதிரையும் காரும் ஒரே சாலையில் வரும். காது மந்தமானவர்களோடு அங்கே நடப்பது நிம்மதியாக இருக்காது.

இரண்டாவது கோக்கர்ஸ் வாக். 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலைவிளிம்பில் போட்ட நடைபாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் கம்பி வேலி, அங்கங்கே பெஞ்சு. கீழே சமவெளி விரிந்து கிடக்கும். முட்டி தேய்ந்தவரும் பேத்தியும் ஒரே வேகத்தில் நடக்கக்கூடிய பாதை. இந்த இரண்டும் சேர்ந்தாலே ஒரு நாள் நிறைந்துவிடும்.

சிக்கல் மூன்றாம் நாளில் வருகிறது. இளையவர்களுக்கு வட்டக்கானல் வேண்டும், அங்கிருந்து டால்பின்ஸ் நோஸ் என்ற பாறைமுனை வேண்டும். நான் மேலே சொன்ன ஆபத்தான வகைக்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. தொடக்கத்திலேயே இறக்கம். பாதையில் படி என்று எதுவும் கட்டவில்லை, மரவேர்கள்தான் படி. ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்து மிதித்து வேரின் பட்டை வழுக்கலாகிவிட்டது. இரண்டு வேருக்கு நடுவில் முழங்கால் உயரப் பள்ளம் வரும். அங்கே ஒரு கையால் மரத்தைப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலைத் துழாவித் துழாவித்தான் வைக்க வேண்டும். வழியில் ஆம்லெட்டும் மேகியும் எலுமிச்சை சோடாவும் விற்கும் கடைகள் இருப்பதால் உட்கார இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கீழே போனதெல்லாம் மேலே வந்தாக வேண்டும். மழை பெய்த மறுநாள் என் வீட்டுக்காரரை அங்கே இறக்கவே மாட்டேன். ஆக, அந்த நாளில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் ஆகும்.

போக்குவரத்தும் பாரமானதுதான். கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து 80 கிலோமீட்டர், வத்தலக்குண்டு வழியாக மலையேற மூன்று மணி நேரம் ஆகும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்தது. அப்படியிருந்தும் சனி ஞாயிறுகளில் வில்பட்டி பக்கமும் ஏரிப் பக்கமும் வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும். நடுவழியில் ஒரு மணி நேரம் நிற்கும் காரில் அது எவ்வளவு பெரிய வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கொடைக்கானல் என்று முடிவு செய்தால் திங்கள் ஏறி வெள்ளி காலை இறங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொடைக்கானலை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2018இல் அங்கே குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்து 2030. அந்த ஆண்டு எங்கே போவது என்ற பேச்சே வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏற்காடு

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் ஏற்காடு யாருக்கு என்பது தெளிவு. உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். ஏதாவது ஒன்றென்றால் அதே ஒரு மணி நேரத்தில் சேலத்தின் பெரிய மருத்துவமனைகளுக்கு இறங்கிவிடலாம். இதய அறுவை செய்து ஓராண்டு ஆனவர், முதல்முறையாக மலையில் நடந்து பார்க்க நினைக்கிறவர், கைக்குழந்தை இருக்கிற வீடு எல்லோருக்கும் இதுதான் பாதுகாப்பான தொடக்கம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அதன் நிழலில் காப்பிச்செடி நிற்கும் எஸ்டேட் சாலைகளில் காலையில் நடப்பது சுகம். சேர்வராயன் கோயில் வரை வண்டி போகும். உச்சியில் பரந்த புல்வெளி. குழந்தைகள் ஓடலாம், நாம் நடக்கலாம். கிளியூர் அருவிக்கு மட்டும் பெரியவர்கள் வேண்டாம். செங்குத்தாக இறங்கும் படிகள், திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும்.

குறை என்னவென்றால், ஒரு வாரம் தாங்காது. இரண்டு நாளில் நடந்த பாதையிலேயே மறுபடி நடக்க வேண்டியிருக்கும். மார்ச் பிறந்துவிட்டால் பகலில் வெயில் உறைக்கும். நீண்ட பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு சனி ஞாயிறு ஏற்காட்டில் நடந்து பார்த்தால், யாருக்கு எது வலிக்கிறது, எந்த ஷூ கடிக்கிறது, மாத்திரை நேரம் எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும். மருமகனிடம் அப்படித்தான் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

துங்கநாத்

மகனின் ஆசையை லேசில் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அதில் என் ஆசையும் கலந்திருக்கிறது. இமயமலையின் ஐந்து சிவத்தலங்களான பஞ்ச கேதாரங்களில் ஒன்று. சிவாலயங்களில் மிக உயரத்தில் இருப்பது இதுதான் என்பார்கள், 3,680 மீட்டர். சோப்தா என்ற இடத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் கல் பாவிய பாதை. காட்டுப்பாதை இல்லை, வழி தவறாது, குதிரையும் கிடைக்கும். "நாலு கிலோமீட்டர்தானேம்மா, நீ தினமும் பார்க்கில் அதைவிட அதிகம் நடக்கிறாய்" என்கிறான்.

தூரத்தை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் மலையில் தூரத்தை அப்படி அளக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்கு சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர். சோப்தா ஏறக்குறைய 2,700 மீட்டரில் இருக்கிறது, கோயில் 3,680. ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். நெய்ஸ்மித் கணக்கில் தூரத்துக்கு முக்கால் மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணிக்கு மேல். மொத்தம் ஏறக்குறைய இரண்டரை மணி. அது திடகாத்திரமானவர்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு மடங்கு வைப்பதுதான் நியாயம். காலை ஆறுக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குக் கோயில். பிறகு அந்த ஆயிரம் மீட்டரையும் கல்பாதையில் இறங்க வேண்டும். வீட்டுக்காரரின் முட்டி அதற்குத் தாங்காது.

அப்புறம் காற்று. 2,500 மீட்டரைத் தாண்டினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று மலைநோய் வரலாம். வயது ஒரு பொருட்டே இல்லை. இருபது வயதுப் பையனுக்கு வரும், எழுபது வயதுத் தாத்தாவுக்கு வராமல் போகலாம். ஆனால் வந்துவிட்டால் நம்பி எடுக்கக்கூடிய ஒரே மருந்து கீழே இறங்குவது. பெரிய மருத்துவமனை அங்கிருந்து பல மணி நேர மலைப்பாதைக்கு அப்பால். ஹரித்வாரிலிருந்து சோப்தா வரவே ஒரு நாள் முழுக்கக் காரில் உட்கார வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் துங்கநாத் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் இப்படிப் போகலாம்: முதல் இரவு 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற உகிமட்டில். அடுத்த நாள் சோப்தா, அன்று மலையேறாமல் சுற்றுவட்டாரத்தில் மெதுவான நடை. மூன்றாம் நாள் விடியலில் ஏற்றம். முட்டி சரியில்லாதவர் ஏறும்போது நடந்து, இறங்கும்போது குதிரையில் வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குதிரை இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ள இடுப்பில் நல்ல வலு வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோயில் நடை ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் திறந்து தீபாவளியை ஒட்டிய நாட்களில் சாத்தப்படும். குளிர்காலத்தில் சுவாமி மக்குமட்டுக்கு எழுந்தருளிவிடுவார். நடுவில் ஜூலை, ஆகஸ்டு மழையில் அந்தப் பக்கம் மண்சரிவு அதிகம். பெரியவர்களுக்கு ஏற்றது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான்.

பனிமலையைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதே உத்தராகண்டில் குமாவுன் பக்கம் கௌசானி, உயரம் ஏறக்குறைய 1,890 மீட்டர். நம் ஊட்டியைவிடத் தாழ்வு. வானம் தெளிந்த காலையில் திரிசூலும் நந்தாதேவியும் வரிசையாக நிற்கும். ஊரைச் சுற்றி நடந்தபடியே பார்க்கலாம். மூச்சுத்திணறல் பயம் இல்லை. இமயமலை என்றாலே பெரியவர்களுக்கு ஆகாது என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோத்தகிரியும் குன்னூரும்

என் ஓட்டு இதற்குத்தான், காரணங்களையும் விரிவாகவே சொல்கிறேன். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், குன்னூர் 1,850. குளிர் உண்டு, காற்று கனமாகவே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். குன்னூர் வழியைவிட வளைவுகள் நிதானமானவை என்பதால் வாந்தி வருகிறவர்களுக்கு இந்த வழி நல்லது. அவசரமென்றால் குன்னூரில் அரசு மருத்துவமனை, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இரண்டு இரண்டரை மணி நேரத்தில் கோவை.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் தேயிலைத் தோட்டச் சாலைகள். பறித்த இலையைத் தொழிற்சாலைக்கு லாரியில் கொண்டுபோவதற்காகப் போட்ட சாலைகள் அவை. பாரம் ஏற்றிய லாரி செங்குத்தாக ஏறாது. அதனால் சாலை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுவது தெரியாமல் ஏறும். லாரிக்குச் செய்த அந்தச் சலுகை நம் முட்டிக்கும் கிடைக்கிறது. எந்த இடத்திலும் திரும்பலாம். இளையவர்கள் வேகமாக இன்னொரு வளைவு வரை போய்விட்டு வந்தாலும், கீழ்வளைவிலோ மேல்வளைவிலோ அவர்கள் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். பேரன் மேல் சாலையிலிருந்து "பாட்டி" என்று கத்தினால் இங்கே கேட்கும். சேர்ந்து நடப்பது என்று நான் சொல்வது இதைத்தான். தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தம் என்பதால் அனுமதி வேண்டும். தங்கும் வீட்டுக்காரரிடம் சொன்னால் எந்தச் சாலையில் போகலாம் என்று அவரே காட்டுவார், பல இடங்களில் கூடவே ஓர் ஆளையும் அனுப்புவார்.

காடு வேண்டுமென்றால் கோத்தகிரிக்கு மூன்று கிலோமீட்டரில் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர். சுற்றியிருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் தருவதே இந்தச் சோலைதான். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடும். காலடியில் மெத்தென்று இலைமக்கு. தலைக்குமேல் மலையணில் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இலை உதிர்வதைப் பார்த்துத்தான் அண்ணாந்து பார்ப்போம். மழைக்காலத்தில் அட்டை உண்டு. நீள சாக்ஸுக்குள் பேண்டைச் செருகி, கையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொண்டால் போதும். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். லாங்வுட் எளிது வகையில் வருகிறது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் நடந்த உயிரிழப்புகளை நினைத்தால், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் காட்டுக்குள்ளும் குடும்பத்தைக் கூட்டிப் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொரு நாள் கன்னேரிமுக்கு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். நடந்துபோய், பார்த்துவிட்டு, வண்டியில் திரும்பலாம். கோடநாடு காட்சிமுனைக்கு 18 கிலோமீட்டர் வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் அங்கே நடை குறைவு, பார்ப்பது அதிகம்: மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ரங்கசாமி முனையும் பவானிசாகர் நீர்ப்பரப்பும். முட்டிக்கு ஓய்வு தேவைப்படுகிற நாளில் அதை வைத்துக்கொள்ளலாம். குன்னூரில் 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூங்கா சரிவில் அமைந்திருக்கிறது. வாசலிலிருந்து பூக்களைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டே போவோம். திரும்புவது ஏற்றம் என்பதை மனதில் வைத்து பாதியில் நின்றுவிடுவது நல்லது.

மலை ரயிலை விட்டுவிட்டு நீலகிரி பேச முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுவது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் முழுப் பயணமும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இருக்கை நெருக்கம், காலை நீட்ட முடியாது. தேய்ந்த முட்டியை ஐந்து மணி நேரம் மடக்கியே வைத்திருந்தால் அன்றைக்கு நடை போச்சு. எங்களைப் போன்றவர்கள் காரில் கோத்தகிரிக்கு ஏறிவிட்டு, நடுவில் ஒரு நாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போவது நல்லது. 19 கிலோமீட்டர்தான், பேத்திக்கும் அதுவே போதும்.

குறையும் உண்டு. மாலை ஆறு மணிக்குப் பிறகும் விடிவதற்கு முன்பும் வெளியே நடக்க முடியாது. தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும்; கரடி ஊருக்குள்ளேயே வரும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து நடந்து பழகிய பெரியவர்களை அறையில் பிடித்து வைப்பதுதான் கஷ்டமே. கோத்தகிரியில் படகு, குதிரை, கடைத்தெரு என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் 12 வயதுக்காரனுக்கு இரண்டாம் நாள் சலிக்கலாம். மழையும் ஒரு விஷயம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை அதிகம் என்றால், கிழக்குச் சரிவில் இருக்கிற கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மேட்டுப்பாளையம் சாலைகளில் மண்சரிவு வருவது வழக்கம்.

நாளும் ஆயத்தமும்

பெரியவர்களுக்கு மட்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் முதல் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிறதே. மே மாதம் கூட்டம், அரையாண்டு லீவிலும் பொங்கலுக்கும் கூட்டமும் குளிரும். மீதி இருப்பது காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி. தென்மேற்கு மழை தணிந்து, வடகிழக்கு இன்னும் பிடிக்காத இடைவெளி. மதியத்துக்குமேல் ஒரு தூறல் வரலாம்; காலையிலேயே நடந்து முடிக்கிறவர்களுக்கு அது தொந்தரவில்லை. ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும்.

மூன்று மாதம் முன்பே வீட்டில் படியிறங்கிப் பழக வேண்டும். ஏறுவதற்கல்ல, இறங்குவதற்கு. ஃபிசியோதெரபிஸ்ட்கள் எல்லோரும் சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு: ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை. கைத்தடி இரண்டு இருந்தால் இறக்கத்தில் முட்டியின் பாரம் கணிசமாகக் குறையும். ஷூ வாங்கும்போது அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துவிடும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நடக்கிற நாளில் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் சர்க்கரை இறங்கலாம். கடலைமிட்டாய் என் பையில் எப்போதும் இருக்கும். பிளாஸ்டிக் பாட்டில் மலையில் தடை என்பதால் ஸ்டீல் பாட்டில்.

எங்கள் வீட்டில் முடிவானது இது: ஜூலையில் ஒரு சனி ஞாயிறு ஏற்காடு, செப்டம்பர் கடைசியில் ஆறு இரவு கோத்தகிரி. துங்கநாத்துக்கு மகனும் நானும் மட்டும், அடுத்த ஆண்டு அக்டோபரில், டாக்டர் சரி என்று சொன்னால். வீட்டுக்காரரே "நீ போய்ட்டு வா, எனக்கும் சேர்த்துக் கும்பிடு" என்று சொல்லிவிட்டார். கோத்தகிரியில் தரைத்தளத்து அறை, வெஸ்டர்ன் டாய்லெட், வாசலிலேயே நடை தொடங்குகிற இடம் என்று மூன்றையும் ஃபோனில் கேட்டு உறுதி செய்தாகிவிட்டது. சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். எங்களை மற்றவர்களோடு ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்த குடிமக்களுக்கான கீழ் படுக்கை ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. அதனால் எங்கள் இருவருக்கும் தனி டிக்கெட், மற்ற ஐந்து பேருக்குத் தனி டிக்கெட் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.